இரண்டாம் பக்கத்தின் முடிவில்

“முடிஞ்சுபோச்சாப்பா?”

ஐந்து வயதில் பிரைடி கேட்ட கேள்வி இது. ஃபிட்ஸ்ராய் பப் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை மதியம், சாக்சபோன் கடைசி சுரத்தை இழுத்து நிறுத்தியிருந்தது. யாருக்கும் கைதட்ட மனம் வராத அந்த ஒரு நொடியில், மேசைக்கு அடியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த குழந்தை தன் அப்பா மெர்வைப் பார்த்துக் கேட்டுவிட்டது. அன்று கச்சேரியைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். இசைத்தட்டு வெளிவந்தபோது இரண்டாம் பக்கத்தின் முடிவில் அந்தக் கேள்வியும் இருந்தது. பிறகு யாரோ சிரிப்பது, அப்புறம் கைதட்டல்.

பிரைடி போன மே மாதம் இறந்துவிட்டாள். நாற்பத்தோரு வயது.

அதற்குப் பின் மெர்வ் முதன்முறையாக இன்றுதான் நோயலீன் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அதே தட்டின் புதிய மறுபதிப்பு, உறைகூடப் பிரிக்காமல்.

“இன்னும் பிரிக்கலையா? கோடையில வந்ததாச்சே!” என்றாள் நோயலீன்.

“பிரைடி ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் சேர்ந்து கேக்கலாம்னு வச்சிருந்தேன்,” என்றார் மெர்வ்.

நோயலீன் கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெலியோஸ் தலைகுனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். மெர்வின் பழைய தட்டு இப்போது அவரிடம்தான் இருந்தது. இசைத்தட்டு சேர்க்கும் இந்த மூவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது மேலான பிரதி கிடைத்தால், பழையது அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். ஒன்றையே இரண்டாக அடுக்கி வைப்பது பேராசை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் கிடையாது, திருப்பிக் கொடுத்தால் வாங்குவதும் கிடையாது. வகுத்தவர் மெர்வ்தான்.

மறுபதிப்பு வந்த அன்றே அவர் ஸ்டெலியோஸின் வாசலில் வந்து நின்றார். “இந்தா, வச்சுக்கோ. கொஞ்சம் கரகரங்கும், பொறுத்துக்கோ. இனிமே என் பொண்ணு குரலை நான் சுத்தமா கேக்கப்போறேன்,” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். அந்த முதல் பதிப்பைத் தேடி ஸ்டெலியோஸ் இருபது வருடங்களாகச் சந்தை சந்தையாக அலைந்திருக்கிறார். அவர் அலமாரியில் அதற்கு மேலான பொருள் இல்லை.

மெர்வ் உறையைப் பிரித்தார். நோயலீன் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தாள். ஊசியை எடுக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் ஓடியது. கடைசிப் பாட்டு தொடங்கியதும் மெர்வ் நாற்காலி நுனிக்கு வந்தார். சாக்சபோன் மெல்லத் தேய்ந்து நின்றது.

ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி ஒரு நிசப்தம். பிறகு கைதட்டல்.

ஸ்டெலியோஸ் நிமிர்ந்து பார்த்தார். மெர்வின் உதடுகள் அந்தக் கேள்வியைத் தாமே சொல்வதுபோல அசைந்து நின்றுவிட்டன.

“அடேயப்பா! ஊசி விழுந்தா கேக்கும்போல இருக்கு! குப்பையெல்லாம் வழிச்சு எடுத்துட்டானுங்க பாரு,” என்றாள் நோயலீன். அவளிடம் அந்தத் தட்டு இருந்ததே இல்லை. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? “என்ன மெர்வ், திருப்திதானே?”

“ஆமா,” என்றார் மெர்வ். “சுத்தமா இருக்கு.”

“அடுத்த ஞாயிறு பிரன்ஸ்விக்ல ஒரு புதுப் பொண்ணு ட்ரம்பெட் வாசிக்கிறா. வாங்களேன் ரெண்டு பேரும். செத்துப்போனவங்க சத்தத்தை மட்டும்தான் கேப்பீங்களா என்ன?” சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “ஐயோ மெர்வ்... நான் என்னத்தையோ...”

“விடு நோயலீன். கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்.” அவர் பின்கட்டுக்குப் போனார். எலுமிச்சை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின.

“என் நாக்கை அறுக்கணும்,” என்று நோயலீன் மூக்கை உறிஞ்சினாள்.

“அழாதே. போய் டீயைப் போடு. நான் வீட்டுலேர்ந்து கொஞ்சம் பிஸ்கட் கொண்டு வரேன்,” என்றார் ஸ்டெலியோஸ்.

அவர் வீடு எதிர்ச்சாரியில்தான் இருந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் அவருக்கு வூலா இறந்த வருடம் ஞாபகம் வந்தது. மனைவியைப் புதைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டவர், மாதக்கணக்கில் யாருக்கும் திறக்கவில்லை. மெர்வ் ஞாயிறுதோறும் வந்தார். கதவைத் தட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ப்ளேயரை இந்தப் படியில் வைத்து, ஒரே ஒரு பக்கம் வாசிக்கவிட்டு, மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மழையில்கூட, குடையைப் ப்ளேயருக்குப் பிடித்துக்கொண்டு. ஒருநாள் ஸ்டெலியோஸ் கதவைத் திறந்தார். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அலமாரியிலிருந்து தட்டை எடுத்தார். மேலங்கிக்குள் வைத்துக்கொண்டார். வூலா ஏற்றிவைத்துப் பழக்கிய மாதா படத்தின் விளக்குக்கு முன் ஒரு கணம் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கூடத்தில் ஆளில்லை. சமையலறையில் கெட்டில் இரைந்தது. மெர்வ் இன்னும் மரத்தடியில் இருந்தார். நேராகக் கொடுத்தால் வாங்கமாட்டார். அவர் போட்ட விதி அவரையே கட்டும். ஸ்டெலியோஸ் புதிய தட்டை எடுத்து மேலங்கிக்குள் செருகினார். பழையதைப் புதிய உறைக்குள் இறக்கித் துணிப்பையில் வைத்தார்.

“பிஸ்கட் எங்கேய்யா?” நோயலீன் டீயோடு வந்தாள்.

“தீர்ந்துபோச்சு.”

“அதைப் பாக்க இவ்வளவு நேரமா? கிரேக்கனை நம்பி டீ போட்டேன் பாரு!”

மெர்வ் உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

வீட்டில் ஸ்டெலியோஸ் புதிய தட்டைக் கிழிந்த பழைய உறைக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே செருகி வைத்தார். அதைப் போட்டுக் கேட்கவில்லை. மெர்வ் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.