நான் மட்டும் வாரேன்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. துடியலூரில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது தானாக வந்து சேர்ந்தது. ஊசி போட்டு என் தாடை மரத்திருந்தது. பக்கத்தில் இருந்த சண்முகப்பிரியாவுக்கோ யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. குறுக்கே பேச முடியாத ஆள் கிடைத்தால் விடுவாரா?

"எழுதிக்கோங்க. ஆனா உள்ளது உள்ளபடி எழுதோணுமுங்க" என்றார்.*

(*நேரில் 'அவர்'. கதைக்குள் போனதும் 'அவள்' ஆகிவிடுகிறார். மன்னிக்கவும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'காவிரியில் அன்று தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டி—'

வேண்டாம். காவிரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. பொங்கியண்ணனுக்கு எண்பதை நெருங்கும் வயது. மனைவி மயிலாத்தாள் நாலைந்து வயது இளையவர். ஐப்பசி மழையில் பொங்கியண்ணன் மோட்டார் ரூமில் வழுக்கி விழுந்தார். மயிலாத்தாளால் தூக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் சத்தம் கேட்டு ஓடிவரும்வரை ஈரத்திலேயே கிடந்தார். இடுப்பெலும்பு தப்பியது பெரிய காரியம்.

சரவணம்பட்டியில் இருக்கும் மகள் சண்முகப்பிரியா, இரண்டு பேரையும் தன்னோடு அழைத்துக்கொள்வதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தாள். அப்பா முடியாது என்பார், அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். வழியெல்லாம் இதற்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு வந்தாள்.

3

"தோட்டத்தை உட்டுப்போட்டு நா எங்கியும் வாரதில்லை" என்றார் அப்பா. டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவள் சும்மா பேச்சை மாற்றத்தான் அம்மா பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, உங்களுக்கு எங்க இருக்கோணும்னு இருக்குது?"

"நா உன்றகூட வாரேன் கண்ணு."

"அப்பா வரமாட்டேங்கறாரே?"

"அவுரு இங்கியே இருக்கட்டும். நா மட்டும் வாரேன்."

சண்முகப்பிரியா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

"என்னம்மா சொல்றீங்க? இந்த வயசுலயா?"

"இந்த ஊட்டுக்கு வந்தன்னைலருந்து, நீ எங்க இருக்கோணும்னு என்னைய ஆருமே கேட்டதில்லை சாமி. இன்னைக்கு நீ கேட்டே. சொல்லிப்போட்டேன்."

பொங்கியண்ணன் டிவியை அணைத்தார். "அப்பொ எனக்குச் சோறு?" என்றார்.

மயிலாத்தாள் எழுந்தார். உள்ளே போய்ச் சேலைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

4

(இந்த இடம் எனக்கே நம்பும்படி இல்லை. காரணம் போதாதென்று பட்டது. அதனால் பொங்கியண்ணனைக் குடிகாரராக்கி ஒரு பத்தி எழுதி, சண்முகப்பிரியாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"எங்கப்பா பீடிகூடத் தொட்டதில்லீங்க. அம்மா மேல ஒரு நாளும் கை வெச்சதில்லை. அதனாலதானுங்க எனக்கு இன்னும் கையுங்காலும் ஓடல" என்றார்.

பத்தியை அழித்துவிட்டேன். அப்படி ஒரு காரணம் இருந்திருந்தால் சண்முகப்பிரியாவுக்குக் கோபம் வந்திருக்கும், இந்த அதிர்ச்சி வந்திருக்காது.)

5

அன்று சாயங்காலம் காரில் அம்மாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். ராத்திரி வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்று அங்கப்பன் சொல்லியிருந்தார். ஆனாலும் சண்முகப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா மறுபடி விழுந்துவிட்டால்? காரை ஓரங்கட்டிவிட்டு அழுதாள். மயிலாத்தாள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கியபடி, "ஏங்கண்ணு நின்னுபோட்டே? போலாம்" என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் சரவணம்பட்டி வீட்டில் காலிங்பெல் அடித்தது. வாசலில் பொங்கியண்ணன். தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தார். கதவைத் திறந்த மகளைத் தாண்டி மனைவியைப் பார்த்தார்.

"மயிலா, நானும் இங்க வந்து இருந்துக்கட்டுமா?"

அப்பா யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டு அவள் பார்த்ததேயில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

6

முடிவு ஒன்று: மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இதுக்கெல்லாம் கேக்கோணுமா' என்று—

இல்லை.

முடிவு இரண்டு: கதவைச் சா—

அதுவும் இல்லை. நடந்தது இதுதான்:

"வந்து உக்காருங்க. தண்ணி குடிங்க. யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார் மயிலாத்தாள்.

சாப்பாடு போட்டார். பொங்கியண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிப் போனார்.

நேற்று விசாரித்தேன். அம்மா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாராம். மறுபடி கேட்க மகளுக்குப் பயமாக இருக்கிறதாம். கதையை முடிக்க வேண்டிய அவசரம் எனக்குத்தான், அந்த அம்மாவுக்கு அப்படியொன்றும் இல்லை. படித்த உங்களுக்கு முடிவு தெரிந்துவிட்டதாகத் தோன்றினால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மயிலாத்தாளிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.