கடைவயல்காரனின் மூச்சு

தன்னுடைய மூச்சு உலகத்தைச் சூடாக்குகிறது என்று சிற்றம்பலம் அறிந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் ஆஸ்பத்திரியில் மூச்சிழுக்கிற முட்டு வருத்தக்காரருக்குக் கிளினிக்.

அன்றைக்கு மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் பூமி குளிருமாம். டொக்டரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் பூமிக்கு அது தெரிந்திருக்காது.

டொக்டர் கோகுலன் வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். நல்ல பிள்ளை. வயது போனவர்களை 'ஐயா', 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். திரையில் உருகும் பனியையும் ஒரு மெலிந்த வெள்ளைக் கரடியையும் காட்டினார்.

"நீங்கள் வாய்க்குள்ள அடிக்கிற இந்தப் பம்பில, மருந்தைத் தள்ளிறதுக்கு ஒரு காஸ் இருக்கு. அது மேல போய்ச் சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒரு பம்ப் முடியிறதும் ஒரு கார் நூறு மைலுக்கு மேல ஓடுறதும் ஒண்டுதான்."

மண்டபத்தில் நாற்பத்திரண்டு நோயாளர்கள் இருந்தார்கள். ஒருவரிடமும் கார் இல்லை. தாங்கள் இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறோம் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பம்புக்குப் பதிலாக் குளிசை போட்டு உறிஞ்சிற கருவி தருவம். அதில காஸ் இல்லை. விருப்பமில்லாத ஆக்கள் வேண்டாமெண்டு சொல்லலாம். அது உங்கட உரிமை. எல்லாருக்கும் சம்மதமோ?"

"ஓம்" என்றது மண்டபம்.

அந்தச் சனம் வரிசைகளில் நின்று பழகிய சொல் அது. காகிதத்தோடு நிற்பவர் எதைக் கேட்டாலும் ஓம். பேர் இதுதானோ? ஓம். பிள்ளைகள் இரண்டு பேரோ? ஓம், இரண்டு பேர் இருந்தவை. சண்டைக் காலத்தில் இல்லையென்று சொன்னவர்களை வேறொரு வரிசைக்கு மாற்றினார்கள். அந்த வரிசை எங்கே போய் முடிந்தது என்று கேட்க இன்றுவரை ஆளில்லை. டொக்டருக்கு அப்போது பத்து வயதிருக்கும், கொழும்பில் படித்துக்கொண்டிருந்தார். அந்த 'ஓம்' அவருக்குச் சம்மதமாகவே கேட்டது.

சிற்றம்பலத்தின் மனைவி நேசமலர் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தாள். பதுங்குகுழிக்குள் இருந்த மாதங்களில் அவர் விழுங்கிய புகைதான் பிறகு முட்டாக வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் புகை எத்தனை மைல் என்று கேட்க நினைத்தாள்.

கருவியைப் பழக்கியவர் கிளினிக் தாதி சிவதர்சினி மிஸ்ஸி. மருந்துத்தூள் அடைத்த குளிசையை உள்ளே போட்டு, வாயில் வைத்து, ஒரே இழுவையாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் உள்ளே குளிசை சுற்றும், கிறுகிறு என்று சத்தம் கேட்கும். சத்தம் இல்லாவிட்டால் மருந்து போகவில்லை என்று அர்த்தம்.

"ஐயா, சத்தம் கேட்டதோ?"

"ஓம்" என்றார் சிற்றம்பலம். கேட்டதுதான். அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. மிஸ்ஸிக்கு இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேசமலர் தொடங்கினாள்.

"நீங்கள் பம்ப் அடிச்சால் ஐஸ் உருகுமெண்டால், டொக்டரின்ர ஜீப் ஓடேக்க என்னப்பா உருகும்?"

"நக்கலடியாதை. பெடியன் படிச்சதைச் சொல்லுறான்."

"உறிஞ்ச ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே? வாயில என்ன கொழுக்கட்டையோ?"

"இஞ்சேர், நான் பன்னிரண்டு வருசம் வாய்க்கால் பிரதிநிதி. மேல்வயல்காரன் தன்ர முறைக்கு மேல ஒரு மணித்தியாலம் மடையைத் திறந்தால் கடைவயல் வெடிக்கும். அதுக்கு எத்தினை பேரோட மல்லுக்கட்டினனான்? இப்ப நானே களவாத் திறக்கிறதோ?"

"எங்கட வயல் எங்க கிடக்குது?"

"வாய்க்காலின்ர வாலில."

"நாங்களும் அங்கதான் கிடக்கிறம். உலகத்துக்கும் நாங்கள் கடைவயல்காரர்தான். மேல்வயல்காரனிட்டைப் போய்ச் சொல்லச் சொல்லுங்கோ உந்தக் கதையை."

அவர் கேட்கவில்லை. போன தையில் அறுவடைக்கு நின்ற நெல்லின் மேல் காலம் தப்பிய மழை கொட்டி, கதிரிலேயே முளைவிட்டதைக் கண்டவர். மழையும் வெயிலும் முறை தவறுகின்றன என்று அவருக்கு எந்தப் படமும் காட்டத் தேவையில்லை. டொக்டர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கரைச்சல். பொய்யென்றால் சிரித்துவிட்டு இரண்டு தரம் அடித்திருப்பார்.

பழைய பம்பை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நேசமலர் கொடுக்கவில்லை. சீனி டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். அவர் கண்டுபிடித்து, அந்தரம் ஆபத்துக்கு என்று சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் எத்தனை அடிப்பு மிச்சம் என்று தெரியும். குளத்து நீர்மட்டம் சொல்வதுபோலக் காலையில் எழும்பியதும் சொல்லுவார்: "இண்டைக்கும் அறுபத்திநாலு."

அயலில் ஓட்டோ வைத்திருந்த முத்துலிங்கத்துக்கு இது நல்ல தீனியாகிவிட்டது.

"அண்ணை, நேற்று நீங்கள் பம்ப் அடிக்கேல்லையாம். கரடி நன்றி சொல்லி அனுப்பியிருக்குது."

"உன்ர ஓட்டோவை நிப்பாட்டினால் அது நேரிலயே வரும்" என்றார் சிற்றம்பலம். சொல்லி முடிக்க மூன்று தரம் மூச்சு வாங்கினார். முத்துலிங்கம் அதற்குப் பிறகு கரடியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆவணியில் கச்சான் காற்று வறட்டி எடுத்தது. அடுத்த வயலில் வெட்டு மெசின் இறங்கிய அன்று, நண்பகலில், தூசி வேலியைத் தாண்டி வந்து முற்றத்தை மூடியது. நேசமலர் குசினியிலிருந்து ஓடி வந்தபோது அவர் கதிரையின் நுனியில் குந்தி, கருவியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை.

"அதை விடுங்கோ! பம்பை எடுங்கோ!"

அவர் ஒரு விரலை உயர்த்தினார். முறை வராதவன் மடையடிக்கு வந்தால் காட்டும் அதே விரல். பொறு. இரண்டாம் தரம் உறிஞ்சினார். சத்தம் இல்லை. மூன்றாம் தரம் கருவி கையிலிருந்து விழுந்தது. அவள் பையிலிருந்து பம்பைப் பிடுங்கி, வாய்க்குள் திணித்து அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள். உள்ளே இழுக்க அவரிடம் மூச்சு இருக்கவில்லை. மருந்து வெள்ளைப் புகையாகக் கடைவாயால் வெளியே வந்தது.

முத்துலிங்கத்தின் ஓட்டோ குளத்துத் துருசடியைத் தாண்டும்போது அவருடைய கை அவளுடைய கைக்குள் குளிர்ந்தது.

டொக்டர் கோகுலன் உண்மையாகவே வருந்தினார். ஏசி அறையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று சொன்னார்: "நல்ல ஒத்துழைப்புத் தந்த ஐயா."

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பசுமைப் பரிசு கிடைத்தது. பாராட்டு விழாவுக்குக் கிளினிக் நோயாளர்களை அழைத்தார்கள். சிவதர்சினி மிஸ்ஸி பழைய பட்டியலைப் பார்த்துச் சிற்றம்பலத்தின் பேருக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். நேசமலர் அவருடைய சேட்டிலிருந்து பம்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மண்டபத்துக்கு வாடகை ஏசி இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் ஏழு ஜீப் நின்றது. விருந்தினருக்குப் புழுக்கம் ஒத்துவராது என்பதால் சாரதிகள் எஞ்சினை நிறுத்தாமல் ஏசியைப் போட்டு ஜீப்பைக் குளிரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் திரையில் இரண்டு தூண்களைக் காட்டினார். ஒன்று உயரம், மற்றது நிலத்தோடு ஒட்டிய வெறும் கோடு.

"தொடங்கேக்க பம்ப் பாவிச்ச ஆக்கள் நாப்பத்திரண்டு பேர். இப்ப ஒருத்தரும் இல்லை. ஒருத்தர்கூட மறுக்கேல்லை."

கைதட்டல் அடங்கியதும் நேசமலர் எழும்பினாள்.

"தம்பி, விட்ட ஆக்களுக்குள்ள சிற்றம்பலமும் இருக்கிறாரோ?"

டொக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. காகிதத்தில் இருந்ததை இல்லையென்று சொல்ல அவரால் முடியவில்லை.

"ஓம்" என்றார்.

அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து கேட்க வினோதமாக இருந்தது. நேசமலர் பம்பை எடுத்தாள். கையை உயர்த்தி, மண்டபத்துக் குளிருக்குள் ஒரு தரம் அடித்தாள். புஸ்.

"அறுபத்தொண்டு."

புஸ்.

"அறுபது. இது அவர் உங்களுக்காக மிச்சம் பிடிச்சது, தம்பி. உங்களிட்டைத் தந்திட்டுப் போறன்."

யாரோ விருந்தினர் மூக்கைப் பொத்தினார். மூன்றாவது தரம் அடிக்க விரல் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளை... அதை... ஏன்... வீணாக்கிறாய்?"

வடிவம்மா. அதே கிளினிக், அதே 'ஓம்'. முன்னாலிருந்த வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அவள் நெஞ்சிலிருந்து வந்த விசில் முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"உங்களுக்கும் சுத்தேல்லையோ குளிசை?"

"எனக்கு எப்பவடி... சுத்தினது?"

நேசமலர் கையை இறக்கினாள். வாய்வைக்கும் இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வடிவம்மாவிடம் கொடுத்தாள். வடிவம்மா அடித்தாள், இழுத்தாள், கண்ணை மூடி மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். இன்னொரு தரம். தோள் மெல்ல இறங்கியது. அதைப் பார்த்து அந்த வாங்கில் இன்னும் இரண்டு கைகள் நீண்டன, பிறகு முன்வாங்கில் ஒன்று.

"பொறுங்கோ" என்று நேசமலர் ஒரு விரலை உயர்த்தினாள். "அந்தரப்படாதேங்கோ. கடைசி வாங்கில இருந்து வருவம். முறைக்கு முறை."

டொக்டர் கோகுலன் மைக்கோடு மேடையால் இறங்கி ஓடி வந்தார்.

"அம்மா, ஒராளின்ர பம்பை மற்றாள் பாவிக்கக் கூடாது! அது ஒழுங்கில்லை. தயவு செய்து இஞ்ச தாங்கோ."

"ஓம் தம்பி" என்றாள் நேசமலர், பம்பைத் துடைத்து அடுத்தவர் கையில் கொடுத்தபடி.