இன்னும் தரைக்கு வராத பிரபு

எங்கள் மொந்தேபுருஸ்கோ குன்றுக் கோட்டையின் கடைசிப் பிரபு கலியாட்சோவைக் கோபுரத்து ஜன்னல் வழியே வெளியே தள்ளியது என் தாத்தாவின் தாத்தா காலத்தில். அவன் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

கோட்டை சின்னதுதான். நாலு சுவர், ஒரு கோபுரம், ஒரு மணி. பிரபு தன் கையால் அந்த மணியை அடித்த பிறகுதான் ஊரில் யாரும் திராட்சைக் குலையில் கத்தி வைக்கலாம். தன் தோட்டத்தை முழுக்க அறுத்துச் சாற்றைப் பீப்பாயில் அடைக்கிறவரை அடிக்க மாட்டான். அதற்குள் எங்களுடையது பாதி அழுகிவிடும். முந்துகிறவனுக்குக் கட்டைவிரல் போகும். அந்த ஆண்டு மேற்கே ஆலங்கட்டி மேகம் கறுத்து நின்றது. தெல்பினாவின் புருஷன் பஸ்தியான் பொறுக்காமல் ஒரு வரிசையை அறுத்துவிட்டான். பிரபு விரலோடு விடவில்லை. பஸ்தியானை அவனுடைய திராட்சைக் கொடி படர்ந்த கம்பத்திலேயே வைத்து ஆணி அறைந்து கொன்றான்.

மறுநாள் காலை தெல்பினா அறுப்புக் கத்தியோடு மேலே ஏறினாள். பின்னால் ஊரே ஏறியது. காவலாளிகளின் தொண்டையை அறுக்க அதிக நேரம் ஆகவில்லை. குலை அறுத்துப் பழகிய கைகள்.

"மணிய அடிடா," என்றாள் தெல்பினா.

"உன் புருஷன எழுப்பிக் கூட்டிட்டு வாடி, அடிக்கிறேன்," என்று சிரித்தான் பிரபு.

தள்ளினார்கள். ஓர் ஆள் உயரம் விழுந்தவன் காற்றிலேயே நின்றுபோனான். இறங்கவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆண்டுக்கு அரைச் சாண் இறங்கினான். வாய் மட்டும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களின் லட்சணம் அதன் பிறகுதான் தெரிந்தது. கத்தியும் கூடையுமாகப் போய்க் கொடிகளுக்கு நடுவே நின்றார்கள். ஒருவனும் அறுக்கவில்லை. மணி அடிக்கவில்லையாம்.

தெல்பினா கோபுரத்தில் இன்னும் தன்னோடு நின்ற பக்கத்துத் தோட்டக்காரன் செகொந்தோவிடம், "நீயே கயித்த இழுத்துடேன் அண்ணே," என்றாள்.

"அது பிரபு கை படற கயிறு. எனக்கெதுக்கு வம்பு?"

"அவன் கழுத்தப் பிடிச்சுத் தள்ளினது உன் கைதானே!"

"அது வேற, தங்கச்சி."

முதல் ஆலங்கட்டி விழுந்தது. தெல்பினா ஒரு நீளக் கம்பை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, பிரபுவின் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்தது. அவன் அலறியது அடுத்த குன்றுவரை கேட்டது. கோட்டையிலிருந்து பிரபு குரல் வந்துவிட்டது, அது போதும் என்று எல்லாரும் பாய்ந்து அறுத்தார்கள். பாதியாவது தப்பியது.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் அப்படித்தான். அடிப்பது ஊர் விதவைகளின் உரிமை. எலும்பு அடுத்த அறுப்புக்குள் கூடிவிடும். பாதிரியார் இது பாவம் என்பார், அவர் தோட்டமும் அந்த அலறலுக்குத்தான் காத்திருக்கும். துரீன் நகரத்திலிருந்து வந்த படித்தவர்கள் அளந்து பார்த்துவிட்டு, இப்படி நடக்க முடியாது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது அவன் செருப்பு புல்லில் உரசுகிறது. தரையில் கால் ஊன்றினால் அவன் என்ன செய்வான் என்று எங்களுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில், தரை எட்டிவிடாதபடி அவன் காலுக்குக் கீழே குழி தோண்டத் தொடங்கினோம். மேலே வருவது நல்ல வெள்ளை மண். கொடிகளுக்குப் போடுகிறோம்.