பத்துப் பலகை

"பாலத்தை மூடுங்கன்னு காலையில இருந்து..."

"திறந்து மூணு நாள் ஆகலை, பெயிண்ட் வாசனைகூடப் போகலை, அதுக்குள்ள..."

"வாசனையா சார் முக்கியம்? திரையைப் பாருங்க."

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இவர்கள் இருவர் குரல்தான் கேட்டது. அதிகாரிக்கு அலுவலகத்தில் 'பச்சை விளக்கு' என்று பேர். மேலிடம் எதைக் கேட்டாலும் நில் என்று சொல்லத் தெரியாத மனுஷர். எதிரே நின்ற பொறியாளரை அவர் 'கணக்கு டீச்சர்' என்பார், வாய் நிறைய இளக்காரத்தோடு.

அவள் கண் திரையில், காது கைப்பேசியில். எட்டு மாசக் கர்ப்பிணியான தங்கைக்குக் காலையில் ரத்தப்போக்கு. ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை புருஷன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பி இருபது நிமிஷம்.

"புதுப் பாலம் வந்தா நேரம் குறையணும் டீச்சர். எப்படிக் கூடும்?"

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வழி. ஆற்றோரம் ஒண்ணு, மில் ரோடு ஒண்ணு. ரெண்டிலயும் பாதி அகலம், பாதி குறுகல். இதுவரை ஆளுக்கு ஒரு குறுகல்தான். பாலம் ரெண்டு குறுகலையும் ஒட்டவெச்சிடுச்சு. அஞ்சு நிமிஷம் மிச்சம்னு ஒவ்வொருத்தரும் அதுல ஏறுறாங்க, எல்லாரும் ரெண்டிலயும் மாட்டுறாங்க. தனியா விலகுறவருக்கும் லாபமில்லை. அதனால யாரும் விலக மாட்டாங்க. நாமதான் மூடணும்."

ஊருக்குச் சொன்னது அது. தங்கைக்கு வேறு கணக்குப் போட்டிருந்தாள். எப்படியும் பாலத்தை மூட வைத்துவிடலாம், பாதி வண்டிதான் ஆற்றோரம் வரும் என்று நம்பி, தங்கை புருஷனிடம் "அந்தப் பக்கமே வாங்க தம்பி" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இந்த வாக்குவாதத்தில் அவள் ஜெயித்தாக வேண்டும்.

திரையில் சிவப்பு, பாலத்திலிருந்து இரண்டு பக்கமும் ஊறி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்த அதிகாரி நாற்காலியை முன்னே இழுத்தார்.

"சரி. மூடித் தொலைப்போம். சந்தியில இருக்கிற பத்து மின் பலகையிலயும் என்ன போட?"

"அஞ்சு பலகையில ஆற்றோரம். அஞ்சுல மில் ரோடு. பாதிப் பாதி சார், அதுல பிசகக் கூடாது."

"ஒரே ஊர்ல ரெண்டு பேச்சா? காறித் துப்புவான்."

அவள் கை நீட்டுவதற்குள் அவர் பொத்தானை அழுத்திவிட்டார். பத்துப் பலகையிலும் ஒரே வரி: பாலம் மூடப்பட்டது, ஆற்றோரச் சாலையில் செல்லவும்.

"கோடு போடச் சொன்னா நான் ரோடே போட்டுடுவேன்" என்று சிரித்தார்.

சந்திக்குச் சந்தி வண்டிகள் மொத்தமாகத் திரும்பின, மந்தை திரும்புகிற மாதிரி. மில் ரோடு வெறிச்சோடியது. ஆற்றோரத்தில் மிச்சமிருந்த பச்சைக் கோடும் மஞ்சளாகி, மஞ்சள் கண்ணெதிரே சிவந்தது.

"மாத்துங்க சார், உடனே மாத்துங்க."

"இப்பதானே போட்டேன். ஊர் என்னை என்னன்னு நினைக்கும்?"

கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா, இந்த அகலமான பாதி இவ்வளவு நேரம் காலியாத்தான் இருந்துச்சு. திடீர்னு எங்க இருந்துதான் வந்தாங்களோ. முன்னாடி அசையலை. வண்டியைத் திருப்பவும் இடமில்லை."

"அவ பேசுறாளா?"

"இப்பதான்... கொஞ்சம் முன்னாடி வரைக்கும் பேசினா."

"போனை அவ காதுல வைங்க தம்பி. பாப்பா, அக்காடி. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லு."