பத்து என்று எழுதச் சொன்னவர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா முந்தாநாள் போனில் புலம்பியது. அவள் பேசி முடிப்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன். வெட்கம்தான்.

முதல் வரி: ஆலையின் புகைபோக்கி வானத்தை நோக்கி

(வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

2

நடந்தது இதுதான். டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் உலைக்குள் மிளகளவு உருண்டைகள் டன் கணக்கில் கிடக்கின்றன. வினையூக்கி என்பார்கள். கரி படியப் படிய அவை சோர்ந்துபோகும். கந்தகம் டீசலிலேயே தங்கி, வண்டிப் புகையாக நம் நெஞ்சுக்குள் வந்து சேரும். சட்டப்படி டீசலின் பத்து லட்சம் பங்கில் கந்தகம் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அக்கா மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் பதினான்கு.

மேலாளர் கூடத்துக்கே வந்துவிட்டார். "கப்பல் காத்துக்கிட்டு இருக்கு மேடம். பத்துன்னு போட்டுடுங்க."

"மெஷின் பதினாலுன்னு காட்டுதே சார்."

"மெஷினா கையெழுத்துப் போடப் போகுது?"

அக்கா பதினான்கு என்றே எழுதிக் கையெழுத்திட்டாள். கப்பலில் டீசல் ஏற்றப்படவில்லை.

3

மேலாளரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். உருட்டும் கண், அதட்டும் குரல், இன்னும்

(அடித்துவிட்டேன்.) நேற்று படித்துக் காட்டியபோது அக்கா கடுப்பாகிவிட்டாள். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லடா. உருண்டைய மாத்தணும்னு மேலிடத்துக்கு ரெண்டு தடவை எழுதினார். ஆலைய நிறுத்த முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் கொடுத்த ரிப்போர்ட்டத்தான் கடிதத்தோட வச்சிருந்தார்."

4

கப்பல் ஏன் காலியாக நின்றது என்று இன்று காலை ஆலையில் விசாரணை. அக்கா வாயைத் திறக்கும் முன்பே மேலாளர் எழுந்து, "பொய் எழுதச் சொன்னது நான்தான். இவங்க மேல தப்பில்ல" என்றாராம். அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தா பெஞ்சிலிருந்து என்னை அழைத்திருக்கிறாள்.

"அந்தக் கடிதங்களப் பத்தி அவர் மூச்சே விடலடா. நான் உள்ள போய்ச் சொல்லட்டுமா? சொன்னா மேல இருக்கறவங்க மாட்டுவாங்க. அப்புறம் என் வேலைக்கும் உலை வச்சிடுவாங்க."

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவள் உள்ளே போய் உடைத்துப் பேசுகிறாள். இன்னொன்றில் பேசாமல் வீட்டுக்கு வந்து நிம்மதியாக

(இல்லை, நிம்மதி வராது. அவளை எனக்குத் தெரியும்.)

"நீ கதை எழுதறவன்தானே, சீக்கிரம் சொல்லுடா. கதவு திறக்குது."

காகிதத்தில் யாரையும் எங்கேயும் அனுப்பிவிடலாம். இங்கே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள். பெஞ்ச் நகரும் சத்தம் கேட்கிறது, அவள் எழுந்துவிட்டாள்.