ஒரு பீடி நேரம்

மொக்கையனின் கூட்டத்தில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் மொக்கையனிடம் இருந்ததுதான் கெட்ட நேரம்.

பெல்பாட்டம் பேண்ட் மூணாறு பஜாருக்கு வந்து சேர்ந்த வருஷம் அது. பள்ளிவாசலுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், ஆறு பயல்களும் ஒரே துணியில் பேண்ட் தைத்துப் போட்டுக்கொண்டு லயத்து வரிசை வீடுகளின் சேற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கித் திரிந்தார்கள். அட்டைகளுக்குக் கொண்டாட்டம். கணுக்காலில் அவ்வளவு அகலமான வாசலை அவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. முழங்கால்வரை ரத்தம் ஒழுக நின்றுகொண்டு, “ஜோரா இருக்குலே” என்று ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கொண்டார்கள். இப்பேர்ப்பட்ட பிறவிகளைப் பார்த்து மூக்கம்மாள் காறித் துப்பாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மூக்கம்மாளுக்குக் கம்பியடியில் வேலை. மலை உச்சியிலிருந்து ரோட்டோரக் கொட்டகைவரைக்கும் ஒரு இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. மேலே கொழுந்து மூட்டையைச் சக்கரம் வைத்த கொக்கியில் மாட்டி விடுவார்கள். மூட்டை கத்திக்கொண்டே வந்து, கீழே தூணில் கட்டிய பழைய டயரில் முட்டி நிற்கும். மூக்கம்மாளும் புஷ்பமேரியும் இன்னும் சில பெண்களும் அதைக் கழற்றி லாரிக்கு எடுத்துப் போடுவார்கள். மூட்டை வரும் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒதுங்கிவிட வேண்டும். பஞ்சு போல இருக்கிற கொழுந்து மூட்டையே சில நாள் முட்டிய வேகத்தில் வாய் கிழிந்து சிதறும்.

இந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கி வருகிறவன்தான் ஆம்பிளை என்று மொக்கையன் ஒரு சட்டம் போட்டிருந்தான். முதலில் இறங்கியவனும் அவனே. அப்படித்தான் சொல்லிக்கொண்டான். அதன்பிறகு வீரபாண்டி, பெரியமுத்து, பிச்சைமணி என்று ஒவ்வொருத்தனாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ‘கம்பி ஏறி’க் கூட்டத்தில் சேர்ந்தான்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஏறுகிறவன் தன்னந்தனியாக உச்சிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் பாதி வழியில், பாறை வளைவில் நிற்பார்கள். மலை முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எருமை நின்றாலும் தெரியாது. மொக்கையன் சீட்டியடிப்பான். தலைக்கு மேலே பனிக்குள் சக்கரம் கிறீச்சிட்டுப் போகும். உடனே எல்லாரும் ஓடிவிடக் கூடாது. உட்கார்ந்து ஆளுக்கொரு பீடி குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதுதான் ஏறினவனுக்குச் செய்யும் மரியாதையாம். அவர்கள் கீழே போய்ச் சேரும்போது வீரன் கொட்டகையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். பேண்ட்டின் பின்பக்கம் கிழிந்து தொங்கும். கம்பி உரசிக் கிழிந்தது என்பான். டிவிஷனில் பாதிப் பெண்கள் அந்தக் கிழிசலைப் பார்த்து உருகினார்கள். புஷ்பமேரி வீரபாண்டியின் கிழிசலைத் தானே தைத்துக் கொடுத்தாள்.

வெட்கக்கேடு. மூக்கம்மாளும் முதலில் நம்பத்தான் செய்தாள்.

நம்பிக்கை போனது சாக்கினால். ஒரு திங்கட்கிழமை, கொட்டகைக்குக் கீழே உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு சாக்குக் கிடந்தது. வாய் கிழிந்திருந்தது. உள்ளே கொழுந்து இல்லை, கல். சாக்கைக் கிழித்தது யார் என்று சூப்பர்வைசர் அவளைப் பிடித்து வைதார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு திங்கட்கிழமை, இன்னொரு கல் மூட்டை. மறுபடியும் அவளுக்குத்தான் வசவு. மூன்றாவது மூட்டையை இழுத்துப் போட்டபோது, முந்தின நாள் கம்பி ஏறினவன் பிச்சைமணி என்பது நினைவுக்கு வந்தது. உச்சியிலிருந்து தேயிலைக்கு ஊடே நேராகக் கீழே இறங்கும், மழைத் தண்ணி வடிகிற கானும் கண்ணில் பட்டது. அந்தச் செம்மண் கானில் உட்கார்ந்தபடியே சறுக்கினால் ஒருத்தன் எவ்வளவு நேரத்தில் கீழே வந்து சேருவான்?

ஒரு பீடி நேரம்.

“அட நாசமாப் போறவனுங்களா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மூட்டையைக் கம்பியில் விட்டுவிட்டு, சூத்தாம்பட்டையைத் தேய்த்துக்கொண்டு கான் வழியாக வந்து சேர்ந்து, மூட்டையைப் புதருக்குள் தள்ளிவிட்டு, மார்பை நிமிர்த்தி நின்றிருக்கிறார்கள். புதரைக் கிளறினால் அடியில் இன்னும் மூன்று பழைய மூட்டைகள். ஒருத்தன் இல்லை, ஆறு பேரும்! ஒவ்வொருத்தனும் மற்ற ஐந்து பேரும் நிஜமாகவே ஏறினார்கள், தான் ஒருத்தன்தான் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பயத்தில் அடுத்தவனை இன்னும் பலமாகப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துவிட்டு அத்தோடு விட்டும் இருப்பாள்.

ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஏறப் போகிறவன் சுடலை.

சுடலை அவளுடைய மாமன் மகன். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. நல்ல உழைப்பாளி, நல்ல மனசு, பொய் மட்டும் வராது. சின்ன வயதில் அடுத்தவர் தோட்டத்துப் பேரிக்காயைத் திருடிவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே நான்தான் என்று கையைத் தூக்கியவன். ஆறு அயோக்கியர்களுக்கும் தோன்றிய கல் மூட்டை யோசனை அவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது. சொன்னால் சொன்னபடி கம்பியில் தொங்குவான். டயரில் முட்டுவான்.

சூப்பர்வைசரிடம் சொல்லலாம். சொன்னால் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து சுடலையின் பேரும் சேர்ந்தே வெட்டுப்படும். பேர் போனால் லயத்து வீடும் போகும். அவன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போடிக்கு இறங்க வேண்டியதுதான். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் பைப்படியில் அவனையே மடக்கினாள்.

“மச்சான், அவனுங்க ஒருத்தனும் ஏறலை. கல்லைக் கட்டி விட்டுட்டு, கான்ல சறுக்கி வந்திருக்கானுங்க.”

“ஏட்டி, ஆறு பேருமா பொய் சொல்லுவானுங்க? வீரபாண்டி எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கான்.”

“புதருக்குள்ள மூட்டை மூட்டையா கல்லு கெடக்கு. வந்து பாரு.”

“கல்லு மலையில கெடக்காம வேற எங்க கெடக்கும்?”

குடத்தை அவன் தலையிலேயே கவிழ்த்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நாளைக்கு ஏறலேன்னா கவ்வாத்துக்கு எவன்கூடப் போவேன் சொல்லு? சோத்துக்கு உக்காரும்போது கிட்ட வரமாட்டானுங்க. கத்தி தீட்டக் கல்லு கேட்டாக்கூடத் தரமாட்டானுங்க. போன மாசம் முழுக்க அப்படித்தான் கழிஞ்சது. உனக்கென்ன தெரியும்?”

அது அவளுக்குத் தெரியாதுதான். தேயிலையை வெட்டிக் கட்டையாக்கும் கவ்வாத்து வேலையில் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்து மலையேறுவார்கள். பேச்சும் சிரிப்பும் இருந்தால்தான் குளிர் தெரியாது. ஒரு மாசம் ஒருத்தனும் முகம் கொடுக்காமல் இவன் தனியே வெட்டியிருக்கிறான். தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அவன்மேல் வந்த கோபமெல்லாம் அந்த ஆறு பேர்மேல் திரும்பியது. பயல்களா இவர்கள்? கழுதைகளுக்குக்கூட இதைவிட இரக்கம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், புதரிலிருந்த கல் மூட்டை ஒன்றை இழுத்தெடுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறை வளைவுக்கு ஏறினாள். கழுத்து நொடித்துப்போகும் கனம். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே சக்கரச் சத்தம் கேட்கிறதா என்று நின்று காது கொடுத்தாள்.

ஆறு பேரும் பாறையில் குந்தியிருந்தார்கள். பீடிக்கட்டுத் தயாராக இருந்தது. மொக்கையன் அப்போதுதான் இரண்டு விரலை வாயில் வைத்தான்.

“கொஞ்சம் பொறுங்க மொக்கையண்ணே. சீட்டி எங்கயும் ஓடிப் போயிராது.”

மூட்டையை அவன் காலடியில் கவிழ்த்தாள். கற்கள் உருண்டன. பாதிக்கு மேல் உடைந்து சில்லுச் சில்லாய்க் கிடந்தன.

“இது என்னளா?”

“தெரியலையா? நல்லாப் பாருங்க, நீங்க கம்பி ஏறின மூட்டை. இல்லேன்னா பெரியமுத்து ஏறினதா இருக்கும். எல்லாம் ஒரே சாடையா இருக்கு, எனக்கு அடையாளம் தெரியலை.”

பெரியமுத்து மொக்கையனைப் பார்த்தான். பிச்சைமணி பெரியமுத்துவைப் பார்த்தான். ஒவ்வொரு முகத்திலும் முதலில் திருட்டு முழி, பிறகு சந்தேகம். அதன்பின் மெதுவாக ஒரு நிம்மதி வந்தது. அட, நீயுமா! இத்தனை காலம் தன்னை மட்டுமே கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மற்றவனும் கோழைதான் என்று தெரிந்ததில் எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாந்தி வராத குறை.

“பாருங்க, கல்லே ஒடஞ்சு கெடக்கு. மனுஷன் எலும்பு என்ன ஆகும்? மேல நிக்கிறவன் உங்களை மாதிரி இல்லை. அவன் நெசமாவே ஏறிருவான். சொல்லுங்க அவன்கிட்ட. ‘நாங்க ஏறலைலே, எறங்கி வா’ன்னு ஒருத்தனாவது சத்தம் கொடுங்க.”

பனி அசையாமல் நின்றது. ஆறு வாய்கள் இருந்தன. பீடி குடிக்கத்தான் லாயக்கு. வீரபாண்டி மட்டும் எழுந்திருப்பது போல அசைந்தான். மொக்கையன் அவனை ஒரு பார்வை பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

“பொட்டச்சி பேச்சைக் கேட்டு நாம என்ன செய்ய?” என்றான் மொக்கையன். இரண்டு விரலையும் வாயில் வைத்துச் சீட்டியடித்தான்.

பாவி, தெரிந்தே அடித்தான். மேலே நிற்கிறவன் செத்தாலும் பரவாயில்லை, தன் பேர் நிற்க வேண்டும். மூக்கம்மாள் உச்சியைப் பார்த்து, “மச்சான், வேண்டாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திவிட்டு, கம்பி இருக்கும் திசையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சக்கரம் கேட்கவில்லை.

மொக்கையன் மறுபடி சீட்டியடித்தான். ஒன்றுமில்லை. பிறகு சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் வந்தது. பனிக்குள்ளிருந்து சுடலை நடந்து வந்தான். கொக்கியில் மாட்டிக்கொள்ள இடுப்பில் கட்டிய கயிறு அப்படியே தொங்கியது. முகம் வெளுத்திருந்தது. அவள் சொன்னது மேலே வரைக்கும் கேட்டிருக்கிறது; அதை ஒருத்தனும் மறுக்காததும்.

அவன் மொக்கையனிடம் போகவில்லை. வீரபாண்டியின் முன்னால் வந்து நின்றான்.

“நீயுமாலே?”

வீரபாண்டி தலையைத் தூக்கவில்லை. “நீயும் என்னை மாதிரி ஏதாவது பண்ணித்தான் வருவேன்னு நெனச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நான் ஏறலேன்னு தெரிஞ்சிருமே.”

இவ்வளவுதான் சிநேகிதம். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தட்டில் கஞ்சி குடித்தவன் சொன்ன வார்த்தை இது.

“கதையெல்லாம் போதும். இப்ப ஏறுதியா இல்லையா?” என்றான் மொக்கையன். உடைந்த கல் காலடியில் கிடக்கிறது, அப்போதும் கேட்கிறான்! வெட்கங்கெட்ட மற்ற பயல்களும், “ஏறுலே, ஏறு” என்று கூடவே சேர்ந்துகொண்டார்கள். அவன் ஒருத்தன் ஏறிவிட்டால் தங்கள் அசிங்கமெல்லாம் மறைந்துவிடும் என்று நினைப்பு.

சுடலை இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு லேசில் வரவில்லை. மூக்கம்மாள் உதவிக்குப் போகவில்லை. அவனே அவிழ்க்கட்டும் என்று நின்றாள்.

“ஏறலை. எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

அந்தப் பாறையில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான். கயிற்றைக் கற்களின் மேல் போட்டுவிட்டு இறங்கினான். மூக்கம்மாள் பின்னால் நடந்தாள். “பயந்தாங்கொள்ளி!” என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது. சுடலை கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காதது போல நடந்தாள்.

திங்கட்கிழமை விடிவதற்குள் சேதி டிவிஷன் முழுக்கப் பரவிவிட்டது. அந்த மாதிரி வேலையென்றால் ஆறு பேருக்கும் சுறுசுறுப்பு அதிகம். கம்பியடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

“ஏட்டி மூக்கம்மா, உன் மச்சான் பயந்து எறங்கிட்டானாமே?” என்றாள் புஷ்பமேரி.

“ஆமா, பயந்துட்டான். அதனாலதான் இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கான். அந்தா பாரு.”

எதிர் மலையில் சுடலை குனிந்து தேயிலையை வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் நிரை காலியாக இருந்தது. அவன் கத்தி நிற்கவில்லை.

மேலே சக்கரம் கிறீச்சிட்டது. பெண்கள் ஒதுங்கினார்கள். அன்றைய முதல் மூட்டை பாய்ந்து வந்து டயரில் முட்டி, வாய் பிளந்தது. கொழுந்து கொட்டகை முழுக்கச் சிதறியது. புஷ்பமேரியின் சிரிப்பு நின்றது. கிழிந்த சாக்கைப் பார்த்தாள். கம்பியை உச்சிவரைக்கும் பார்த்தாள்.

“ஏட்டி, அப்போ அந்த ஆறு பேரும்…”

மூக்கம்மாள் ரோட்டைக் காட்டினாள். ஆறு பேரும் வேலைக்குப் பிந்திப்போய் அவசர அவசரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தார்கள். ஆறு பெல்பாட்டத்தின் பின்பக்கத்திலும் அகல அகலமாக ஒட்டுத் துணி. அதில் பூப்போட்ட ஒட்டு புஷ்பமேரி தைத்தது. கம்பியில் தொங்கி வருகிறவனுக்கு அந்த இடத்தில் எப்படிக் கிழியும் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

“அடப்பாவிகளா, உக்காந்தா வந்தீங்க?” என்று கத்தினாள் புஷ்பமேரி.

கம்பியடி மொத்தமும் வெடித்துச் சிரித்தது. மேலே போய்க்கொண்டிருந்த ஆறு பேரும், ஒரே நேரத்தில், கையைப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்கள்.