ஆணி இருந்த இடம்

எனக்குப் பேய் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்மாமனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தேன், அவ்வளவுதான். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால், சொல்வது அவளாக இருக்க முடியாதாம். பூசாரியை அழைத்தார்கள். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உடுக்கை அடித்து, என் உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, முடியை அறுத்துவிட்டார்கள். பேய் மரத்தோடு தங்கிவிட்டதாம். மாமன் தானாகவே பயந்து விலகிக்கொண்டான். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

இந்தச் சங்கதியை மூடி மறைத்து என்னைத் திருவண்ணாமலையில் பரசுராமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் ஒரு மரவாடியில் வேலை பார்த்தார். எண்பத்திரண்டில் முதலாளி மெட்ராஸிலிருந்து மோட்டார் ரம்பம் ஒன்று வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். பெட்ரோலில் ஓடுவது. கயிற்றை இழுத்தால் உறுமும். பல் வைத்த சங்கிலி சுழன்று மரத்தை அறுக்கும். அன்றைக்கே எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள். மரவாடியில் விட மனசில்லாமல் அதைத் தினமும் வீட்டுக்கே தூக்கிவருவார். என் பழைய புடவையைக் கிழித்துத் துடைப்பார், ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவுவார். ஞாயிற்றுக்கிழமையானால் லாரி டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அதன் சத்தத்தைக் கேட்பதற்கென்றே வாசலில் வந்து கூடுவார்கள். சத்தத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று இவர் சொல்லிவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தது மட்டும் அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அந்த மிஷினுக்கு ஆகாதது ஆணி. ஒருமுறை மரத்துக்குள் மறைந்திருந்த ஆணியில் பட்டுச் சங்கிலி அறுந்து, அவர் முழங்கையைக் கிழித்தது. ரத்தம் வழிய நின்றுகொண்டு, "சங்கிலி போச்சே" என்று அழுதார். இன்னொரு தரம் இப்படி ஆனால் மிஷினைத் தருமனிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். தருமன் அதே மரவாடியில் கைரம்பம் இழுப்பவன்.

ஒரு சாயங்காலம் சந்தோஷமாக வந்தார்.

"நாளைக்கு உங்க ஊரு மரம்டி. ரோடு அகலம் பண்றாங்க. ஏரிக்கரை புளியமரம்."

என் முடியை அறைந்த அதே மரம். சொல்லாவிட்டால் அவர் மிஷின் போகும், கையும் போகலாம். சொன்னால் என் கதை வெளியே வந்துவிடும். கட்டிய புருஷன், புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அப்படியொரு நினைப்பு எனக்கு.

"அதுல ஆணி இருக்குதுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் முடிய வச்சு அடிச்சது. கண்ணாலத்துக்கு முன்னாடி."

அரம் பிடித்திருந்த கை நின்றது. யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள், வலித்ததா? ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணா, ஜாஸ்தியா?" என்றார்.

மறுநாள் லாரியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊரே கூடி நின்றது. என் அம்மா வெள்ளையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "வாய மூடிக்கினு வூட்டுக்கு வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, பட்டை மூடியிருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் உளியால் குடைந்து, குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். துருவில் நாலு மயிர் ஒட்டியிருந்தது. அப்புறம் மிஷின் எங்கேயும் திக்கவில்லை. மரம் சாய்ந்ததும் விசிலடித்தார்கள். முதலாளி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பைத்தியக்காரி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

லாரியில் ஏறப்போனேன். தடுத்தார்.

"நீ உங்கம்மா வூட்டுலயே இரு."

"இன்னாத்துக்கு?"

"ஆணியப் புடுங்கியாச்சு. மரமும் இல்ல. அதுல இருந்த பேயி இனிமே எங்க போவும்? உங்கிட்டதான வரும்."

"புடுங்கினது நீங்கதான?"

"மிஷினுக்காகப் புடுங்கினேன்" என்றார், அதற்குமேல் ஒரு நியாயம் இல்லை என்பதுபோல. மிஷினைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தீபம் போயிற்று, பொங்கல் போயிற்று. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. மாசியில் ஒரு காலை அந்த லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. அவசரமாகத் தலை வாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் படி ஏறவில்லை.

"இந்தத் தெருமுனைப் புளியமரத்த அறுக்கணும். அதுல ஆணி கீணி இருக்குதா?"

இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் திரௌபதியின் முடி, பொன்னியின் முடி, அவர்களுக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னவர்களின் முடி எல்லாம் அந்த மரத்துக்குள் இருந்தது. வீட்டு மானம் போய்விடும் என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"என்னை எப்ப கூட்டிக்கினு போவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல இந்த வேலை முடியட்டும். பாக்கலாம்." கண் லாரியிலிருந்த மிஷின் மேலேயே இருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "தைரியமா அறுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் மிஷின் உறுமத் தொடங்கியது. மரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் நிறுத்தியிருப்பார். நான் வாசலிலேயே நின்றேன்.